நாய்க்கு கொரோனா வருமா? ஆய்வுகள் சொல்வதைக் கேட்போம்



"வீட்டுல ஒருத்தருக்கு கொரோனா. நாயை என்ன செய்யறது? எங்கேயாவது கொண்டுபோய் விட்டுடலாமா?" பெருந்தொற்றுக் காலத்தில் பலருக்கும் வந்த கேள்வி இது. கொரோனா மறுபடி தலைகாட்டும்போதெல்லாம் இந்தப் பயமும் கூடவே வந்துவிடுகிறது. அதனால் விஞ்ஞானிகள் நாய்களிடம் என்னதான் கண்டறிந்தார்கள் என்பதை இன்று உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன்.

முதல் செய்தி ஹாங்காங்கிலிருந்து வந்தது. 2020 பிப்ரவரியில் அங்கே ஒருவருக்கு கொரோனா உறுதியானது. அவர் வளர்த்த 17 வயது பொமரேனியன் நாயையும் அரசு தனிமைப்படுத்தி, மூக்கில் மாதிரி எடுத்துப் பரிசோதித்தது. வைரஸ் இருந்தது, ஆனால் குறைந்த அளவில். பிறகு 'நெகட்டிவ்' வந்ததும் மார்ச் மாதம் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டே நாளில் நாய் இறந்துபோனது. அவ்வளவுதான், உலகம் முழுக்கப் பீதி! ஆனால் 17 வயது என்பது நாய்க்கு நல்ல முதுமை. இதயத்திலும் சிறுநீரகத்திலும் அதற்கு முன்பே கோளாறுகள் இருந்தன. தொற்று இருந்த நாட்களில் கொரோனா அறிகுறி எதையும் அது காட்டவில்லை.

இந்த ஆய்வு 2020 மே மாதம் 'நேச்சர்' இதழில் வெளியானது. கொரோனா நோயாளிகள் இருந்த வீடுகளைச் சேர்ந்த 15 நாய்களைப் பரிசோதித்ததில் 2 நாய்களுக்கு மட்டுமே தொற்று. ஒன்று அந்தப் பொமரேனியன், இன்னொன்று ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட். ஜெர்மன் ஷெப்பர்டோடு ஒரே வீட்டில் வளர்ந்த மற்றொரு நாய்க்குத் தொற்று இல்லை. நாயிடம் கிடைத்த வைரஸின் மரபணு வரிசையும், அந்த வீட்டு மனிதரிடம் கிடைத்த வைரஸின் வரிசையும் அப்படியே ஒத்துப்போயின. அதாவது, மனிதரிடமிருந்துதான் நாய்க்குப் போயிருக்கிறது.

சரி, நாய்க்கு வந்தால் அது பரப்புமா? சீனாவின் ஹார்பின் நகரிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. 5 பீகிள் நாய்களின் மூக்கில் வைரஸைச் செலுத்தி, தொற்று இல்லாத 2 நாய்களைக் கூடவே வைத்தார்கள். கூட இருந்த இரண்டுக்கும் தொற்று வரவில்லை. வைரஸ் செலுத்தப்பட்ட நாய்களிடமும் உயிருள்ள வைரஸ் எதுவும் கிடைக்கவில்லை. காரணம் இருக்கிறது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழைய 'ஏஸ்-2' என்ற புரதம் பூட்டு மாதிரி. நாயின் சுவாசப் பாதையில் அந்தப் பூட்டு குறைவு. வைரஸின் சாவியும் அதில் சரியாகப் பொருந்துவதில்லை.

எல்லா விலங்குக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூனைக்கு நாயைவிட எளிதாகத் தொற்றும். டென்மார்க் பண்ணைகளில் மிங்க் விலங்குகளிடமிருந்து மனிதருக்கே பரவியது. நம்ம வண்டலூர் பூங்காவில் 2021 ஜூன் மாதம் சிங்கங்களுக்குத் தொற்று ஏற்பட்டு, நீலா என்ற பெண் சிங்கம் இறந்ததும் நினைவிருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. சில நாய்களின் தடுப்பூசி அட்டையில் 'கொரோனா' என்றே எழுதியிருக்கும். "அப்போ நம்ம நாய்க்கு ஏற்கனவே போட்டாச்சே" என்று நினைக்காதீர்கள். அது நாய்களுக்கே உரிய வேறொரு கொரோனா வைரஸுக்கானது. 1971-இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்ட அந்த வைரஸ், குறிப்பாகக் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும். கோவிட்-19-க்கும் அந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை. மனிதர்கள் அதைப் போட்டுக்கொள்ளவே கூடாது.

ஆக, கேள்வியையே நாம் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. நாயிடமிருந்து நம்மைக் காப்பது எப்படி என்பதைவிட, நம்மிடமிருந்து நாயைக் காப்பது எப்படி என்றுதான் கேட்க வேண்டும். அதற்குச் சில எளிய வழிகள்:

• உங்களுக்குக் கொரோனா இருந்தால் நாயைக் கொஞ்சுவது, முத்தமிடுவது, ஒரே படுக்கையில் தூங்குவது, உணவைப் பகிர்வது வேண்டாம். வீட்டில் நலமாக இருக்கும் ஒருவர் அதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

• தனியாக வசிப்பவர் என்றால், முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு உணவு வையுங்கள்.

• நாய்க்கு முகக்கவசம் மாட்டாதீர்கள். கிருமிநாசினியோ சானிடைசரோ அதன் உடம்பில் தடவாதீர்கள், நக்கினால் ஆபத்து.

• நாய்க்கு இருமல், சோர்வு, மூச்சுத்திணறல் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையை அணுகுங்கள். வீட்டில் கொரோனா நோயாளி இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

• எந்தக் காரணத்துக்காகவும் தெருவில் விட்டுவிடாதீர்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. தகுந்த காரணமின்றி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது, 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கடைசியாக ஒன்று. 2021 பிப்ரவரியில் நம் ராணுவம், வியர்வை, சிறுநீர் மாதிரிகளை மோப்பம் பிடித்தே கொரோனாவைக் கண்டறியப் பழக்கிய நாய்களை டெல்லியில் அறிமுகப்படுத்தியது. அவற்றில் ஒன்றின் பெயர் ஜெயா. நம்ம சிப்பிப்பாறை இனம். நோயைக் கண்டுபிடிக்க நமக்கு உதவிய உயிரை, நோயின் பெயரால் தெருவில் விடலாமா? நீங்களே சொல்லுங்கள்.