வெளியிலே வரட்டும் நம்ம பிள்ளை

(தோட்டப் பெற்றோர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



இன்றைக்குக் குதிரையைப் பற்றிப் பேசப் போகிறேன். "தோட்டத்துச் சனங்களுக்குக் குதிரைக் கதை எதுக்கு?" என்று நீங்கள் கேட்கலாம். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் குதிரை ஓடுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்தக் குதிரை வலது குறைந்த பிள்ளைக்குத் துணையாகவும் இருக்கும், பாடமும் சொல்லித் தரும்.

டென்மார்க்கில் லிஸ் ஹார்டல் என்று ஒரு பெண். 1944இல், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது, இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. பிள்ளை சுகமாகப் பிறந்தது. தாய்க்கோ முழங்காலுக்குக் கீழே கால் வழங்கவில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் ஆள் துணை வேண்டும். அப்படியிருந்தும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் எடுத்தார். 1956இலும் எடுத்தார். பிரிட்டனில் 1969இல் வலது குறைந்தோருக்கென்றே குதிரைச் சவாரிச் சங்கம் உருவானது. 1996இலிருந்து ஒவ்வொரு பாராலிம்பிக்கிலும் குதிரைச் சவாரி நடக்கிறது.

குதிரையிடம் அப்படி என்ன இருக்கு? அது நடக்கும்போது மேலே இருக்கிறவரின் இடுப்பு முன்னும் பின்னும், இந்தப் பக்கம் அந்தப் பக்கமும் அசையும். நாம் நடக்கும்போது அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். நடந்தே பழகாத பிள்ளையின் உடம்புக்கும் நடையின் தாளம் கிடைக்கிறது. விழாமல் இருக்க முதுகை நிமிர்த்திப் பழகுகிறது. சில பிள்ளைகளுக்கு விறைத்த கால் கொஞ்சம் இளகுகிறது. சவாரி மட்டுமில்லை. புல் வைப்பது, பிரஷ் போட்டுத் தேய்ப்பது, வாளியை எண்ணி வைப்பது, எல்லாமே பாடம்தான். எப்போதும் மற்றவர் கவனிப்பில் இருந்த பிள்ளை, அங்கே இன்னொரு உயிரைக் கவனிக்கிறது.

ஆனால் ஒன்று. அங்கே ஒருவர் குதிரையைப் பிடித்து நடத்துவார். தேவைப்படும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் கூடவே நடப்பார்கள். தலைக்கவசம் கட்டாயம். அடிக்கடி வலிப்பு வருகிற பிள்ளை, கழுத்தெலும்பு உறுதியில்லாத பிள்ளை, எலும்பு சுலபமாக முறிகிற பிள்ளை என்றால் டொக்டரைக் கேட்காமல் ஏற்ற மாட்டார்கள். ஆகவே சுற்றுலாக்காரருக்கு வாடகைக்கு விடும் குதிரையில் நம்ம பிள்ளையைத் தூக்கி வைத்துவிடாதீங்க.

"நம்மகிட்டக் குதிரை இல்லையே?" இல்லைதான். மாடு இருக்கு, ஆடு இருக்கு, லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் இருக்கு. கன்றுக்குட்டிக்குப் புல் கொடுக்க விடுங்க. கொழுந்தைக் கையில் கொடுத்து மணக்கச் சொல்லுங்க, எண்ணச் சொல்லுங்க. கையைப் பிடித்து மேடு பள்ளத்தில் நாலடி நடத்துங்க. நடக்க முடியாத பிள்ளையைத் தூக்கி வந்து வெயிலில் உட்கார வையுங்க. குளவிக்கூடு இருக்கிற பக்கமும், மருந்து அடித்த மலையும் வேண்டாம்.

நாம் பேசத் தயங்குகிற விஷயம் ஒன்று உண்டு. காலையில் பிரட்டுக்குப் போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகிற காம்பராக்கள் சிலவற்றில் ஒரு பிள்ளை இருக்கிறது. அன்பில்லாமல் இல்லை. விழுந்துவிடுமோ என்ற பயம். நாலு பேர் பார்த்து ஏதாவது சொல்வார்களே என்ற வெட்கம். ஆனால் நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக் கிடக்கிற பிள்ளைக்கு இருக்கிற பலமும் போய்விடும்.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, வலது குறைந்தவர் என்பதற்காகப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்ட முடியாது. விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இந்தப் பிள்ளைகளுக்குச் சம இடம் வேண்டும் என்கிற ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றது. கேட்பது பிச்சையில்லை, உரிமை.

வேலைக்குப் போகிற தாய் தனியாக இதைச் செய்ய முடியாது. பக்கத்துக் காம்பராக்காரர் அரை மணி நேரம் உதவலாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற அண்ணன் அக்காமார் கைபிடிக்கலாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு லயத்திலும் கேட்டுப் பாருங்கள்: உள்ளே இன்னும் ஒரு பிள்ளை இருக்கா?