சொல்லும் பொறுப்பும்



சிலாபம் கடற்கரையில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியை அறிவார்கள். படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறும். மீன் மணலில் கூறு கூறாகக் குவிக்கப்படும். ஒருவர் தமிழில் விலை கூறுவார். மற்றொருவர் சிங்களத்தில் மறுவிலை சொல்லுவார். விலை படிவதற்கு முன்னரே ஊர்ச் செய்திகள் யாவும் படிந்துவிடும். யார் வீட்டில் கலியாணம், எவருடைய வலை அறுந்தது, எந்த வீதியைத் தோண்டிப் போட்டுவிட்டு அதிகாரிகள் மறந்துபோனார்கள், அடுத்த தேர்தலில் யார் வெல்லுவார் என்பன எல்லாம் அங்கே பேசித் தீர்க்கப்படும். எங்கள் கரையில் அபிப்பிராயம் இல்லாத மனிதரை நான் இதுவரை கண்டதில்லை.

அந்தப் பேச்சிலும் பொய் உண்டு; புரளி உண்டு. ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான் என்று புறப்பட்ட செய்தி, ஊர்க் கோடியை அடைந்தபோது காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்றாகிவிட்ட கதையை நாம் எல்லோரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். ஆனால், அந்தக் காலத்துப் பொய்க்கு ஓர் உடையவன் இருந்தான். பொய் சொன்னவர் மறுநாட் காலையிலும் அதே மணலில் வந்து நின்றாக வேண்டும். "நேற்று நீர் சொன்னது என்னாயிற்று?" என்று நாலுபேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் தம் நாவை அடக்கிக் கொண்டார்கள்.

இன்று அந்த மணலின் இடத்தைக் கையடக்கத் தொலைபேசி பிடித்துக்கொண்டிருக்கிறது. படகிலிருந்து இறங்கும் இளைஞன் மீனைப் பார்ப்பதற்கு முன் தொலைபேசியைப் பார்க்கிறான். முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் செய்தி வந்து குவிகிறது. அதைச் சொன்னவர் யார், எங்கிருந்து சொன்னார் என்பது மட்டும் தெரிவதில்லை. உடையவன் இல்லாத சொல் ஊருக்குள் நுழைந்தால் என்ன நேரும் என்பதைப் பற்றியே இன்று உங்களோடு சில நிமிடங்கள் பேச விரும்புகிறேன்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுவது நியாயம். 2017 ஏப்ரல் 14ஆந் திகதி கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பின்னர், தலைநகரத்துக் குப்பையைப் புத்தளத்துக்கு வடக்கே அறுவைக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் வேகம் பெற்றது. 2018இல் புத்தளம் மக்கள் வீதியோரத்தில் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்தச் செய்தியை நாட்டின் மற்றப் பகுதிகளுக்கும் கடல் கடந்த உறவினருக்கும் கொண்டுபோனதில் சமூக ஊடகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. குப்பை பின்னர் வரவே செய்தது. ஆயினும், தன் ஊரின் குறையைத் தானே உலகுக்கு எடுத்துரைக்கும் வல்லமை ஒரு சாதாரணப் பிரசைக்குக் கிடைத்திருக்கிறது என்பதை மறுக்கலாகாது.

அந்த வல்லமையின் மறுபக்கத்தை எங்கள் மாவட்டம் மறு ஆண்டே கண்டது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில் இறந்தவர்களின் உறவினர் எங்கள் கரை நெடுகிலும் இருக்கிறார்கள். அதற்கு முன்னர், அவ்வாண்டு ஜனவரியிலேயே, எங்கள் மாவட்டத்து வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டிருந்தன. ஆகவே மக்கள் கொண்ட அச்சம் காரணமற்ற அச்சம் என்று நான் சொல்லமாட்டேன். துக்கமும் பயமும் ஒவ்வொரு வீட்டிலும் குடியிருந்த காலம் அது.

மே 12ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை. சிலாபத்தில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி முகநூலில் ஒரு வாக்குவாதத்தில் ஈடுபட்டிருந்தார். மற்றொருவர் சிங்களத்தில் ஏளனமாக எழுதியதற்கு இவர் ஆங்கிலத்தில் ஒரு வரி பதில் எழுதினார். "அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய்" என்பது அதன் பொருள். சிரிப்பவன் ஒருநாள் அழ நேரும் என்பது நம்மவர் நாவில் அன்றாடம் புழங்கும் எச்சரிக்கை. "அழச் சொல்லுகிறவர் பிழைக்கச் சொல்லுவார், சிரிக்கச் சொல்லுகிறவர் கெடச் சொல்லுவார்" என்று பழமொழியே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரி படமாகப் பிடிக்கப்பட்டு, முன்னும் பின்னும் இல்லாமல், கைக்குக் கை மாறிற்று. இன்னுமொரு குண்டுத் தாக்குதல் வரப்போகிறது, அதை அறிந்தவன் முன்கூட்டியே எழுதிவிட்டான் என்று மக்கள் அதற்குப் பொருள் கொண்டார்கள்.

சில மணி நேரத்துக்குள் கூட்டம் திரண்டது. கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசல் மீது கற்கள் வீசப்பட்டன. சிலாபத்தில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. எழுதியவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் குருநாகல் மாவட்டத்துக் குளியாப்பிட்டி, ஹெட்டிப்பொலைப் பக்கங்களிலும், கம்பகா மாவட்டத்து மினுவாங்கொடையிலும் வன்முறை பரவியது. அன்று, நோன்பு மாதத்தில், எங்கள் மாவட்டத்து நாத்தாண்டியைக்கு அண்மையிலுள்ள கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் எந்த வாக்குவாதத்திலும் ஈடுபட்டவர் அல்லர். ஒரு வியாபாரியின் ஒரு வரிக்கும் அந்தத் தச்சருக்கும் இடையே இருந்த தொடர்பு யாது? அந்த வரியை ஆராயாமல் அனுப்பிய ஆயிரம் விரல்களே.

நேயர்களே, அந்த ஆயிரம் விரல்களைப் பற்றிப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. அது பெருமைக்குரிய உரிமை அன்று.

அதே மாதத்தின் முதல் வாரத்தில் பாடசாலைகள் மீண்டும் திறக்கப்பட்டன. பெற்றோர் வாயிலிலேயே காத்து நிற்பார்கள். ஒரு காலை வேளையில் என் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. அறிமுகமில்லாத ஒரு வெள்ளை வான் பாடசாலைகளுக்கு அருகே சுற்றுகிறது, கவனம் என்று அதில் எழுதியிருந்தது. அனுப்பியவர் எனக்குத் தெரிந்த ஆசிரியர். அவருக்கு அனுப்பியவர் யார் என்று நான் கேட்கவில்லை. "அவதானமாக இருங்கள்" என்ற ஒரு சொல்லையும் சேர்த்துப் பெற்றோர் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கடமையைச் செய்துவிட்ட திருப்தியோடு முதலாம் பாடத்துக்கு மணி அடிக்கச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் சந்தியில் கூச்சல். ஒரு வெள்ளை வானை இருபது முப்பது பேர் சூழ்ந்து நின்றார்கள். உள்ளே இருந்தவர் சீலை வியாபாரி, முஸ்லிம். அந்த வீதிகளில் வீடு வீடாகத் துணி விற்பவர். என் பாடசாலைப் பிள்ளைகள் பலருக்குச் சீருடைத் துணியைக் கடனுக்குக் கொடுத்தவர். இளைஞர்களுக்கு அவரைத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை. நல்லவேளையாக ஒரு கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "இது நம்ம நானாவெல்லோ! இருபது வருஷமா என் வாசல்லதான் சீலை விரிக்கிறவரு!" என்று சத்தமிட்டார். அந்தக் கிழவியிடம் தொலைபேசி இல்லை. அவரிடம் இருந்தது முகத்தைக் கண்டு மனிதனை அறிகிற அறிவு மட்டுமே.

இரண்டு நாட்களின் பின் நான் அந்த வியாபாரியின் வீட்டுக்குப் போனேன். செய்தியை அனுப்பியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் எனக்குத் தேநீர் தரச் சொன்னார். "சேர், நீங்களும் பிள்ளைகளுக்குப் பயந்துதானே அனுப்பினீங்க" என்றார். ஆனால் அதன் பின் அவர் எங்கள் பக்கம் வியாபாரத்துக்கு வந்ததே இல்லை. எத்தனையோ மாணாக்கருக்கு உண்மை பேசு என்று உபதேசித்த என் வாழ்க்கையில், நான் ஒரு பொய்யும் சொல்லாமலே ஒரு பொய்க்கு உடையவன் ஆனேன். செய்தியை இயற்றியவன் எவனாயினும் ஆகுக. அதை என் கையால் அனுப்பிய கணத்தில் அது என் சொல் ஆகிவிட்டது.

இயந்திரத்தின் மீது மட்டும் பழியைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் சரித்திரம் அதற்கு இடங்கொடாது. 1915 மே இறுதியில் கண்டியில் தொடங்கிய கலவரம் சில தினங்களில் வடமேற்கு மாகாணத்துக்கும் மேற்கு மாகாணத்துக்கும் பரவியபோது முகநூல் இருக்கவில்லை. வதந்தி அன்று புகையிரதத்தில் ஏறிப் பிரயாணம் செய்தது. 1976 பெப்ரவரியில் புத்தளம் பள்ளிவாசலில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் முஸ்லிம்கள் உயிரிழந்த காலத்திலும் இனங்களுக்கிடையே சந்தேகம் இருந்தது. சந்தேகம் பழையது, அதன் வேகம் மட்டுமே புதியது. முன்பு வதந்தி ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போவதற்குள் நிதானமுள்ள ஒருவர் எதிர்ப்பட்டு அதை நிறுத்த வாய்ப்பு இருந்தது. இன்று அந்த இடைவெளி இல்லை.

வேகத்தோடு இன்னுமொரு காரணமும் உண்டு. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஓர் உணவுக் கடையில் உணவோடு கலந்திருந்த ஒரு மாக்கட்டியைக் கண்டு, அது மலடாக்கும் மருந்து என்று சிலர் குற்றஞ்சாட்டினர். சிங்களம் சரியாக அறியாத காசாளர் கேள்வி விளங்காமல் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு காணொளியாகி நாடெங்கும் ஓடியது. அத்தகைய மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னபோது கடைகளும் பள்ளிவாசலும் சேதமாகிவிட்டன. அம்பாறையில் ஒரு தலையசைப்பு, சிலாபத்தில் ஓர் ஆங்கில வரி. இரண்டு இடத்திலும் நெருப்புக்கு இடங்கொடுத்தது, ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காமையே.

இது எங்கள் கரைக்கு வெட்கமான விஷயம். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரை இன்று சிங்களம் பேசும் கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் பலவற்றில் பாட்டன் பாட்டிமார் தமிழில் செபித்தவர்கள். பாடசாலையின் மொழி மாறியது. இரண்டொரு தலைமுறையில் வீட்டின் மொழியும் மாறியது. முன்னேஸ்வரத்துத் திருவிழாவுக்குச் சிங்கள மக்கள் வருகிறார்கள். தலவில அன்னம்மாள் ஆலயத்தில் தமிழரும் சிங்களவரும் ஒரே மணலில் கூடாரம் அடிக்கிறார்கள். இரண்டு மொழியும் தெரிந்திருந்த கரை இது. 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டம் செய்த பிரிவினையை 1987இல் தமிழையும் அரசகரும மொழியாக்கிய திருத்தம் ஏட்டில் ஓரளவு தீர்த்தது. ஆனால் பிள்ளைகள் இன்றும் மொழிவாரியான பாடசாலைகளிலேயே படிக்கிறார்கள். இரண்டாம் மொழி பாடவேளையில் உண்டு, பரீட்சைக்கு உண்டு, பேசுவதற்கு இல்லை. அடுத்த வீட்டுக்காரனிடம் ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிய மொழி இல்லாதவன் தொலைபேசியைத்தான் கேட்பான்.

அரசியலிலும் இதையே காண்கிறோம். நான் அரச ஊழியன். கட்சி பேச எனக்கு இடமில்லை. ஆயினும் 2024இலும் 2025இலும் மூன்று தேர்தல்களைக் கண்ட ஒரு வாக்காளன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். மீன்பிடித் துறையில் எரிபொருள் விலை, உப்பளத் தொழிலாளியின் கூலி, கற்பிட்டி விவசாயியின் கிணற்று நீர் ஆகியவற்றைப் பற்றி வேட்பாளரிடம் நேரில் கேட்டவர் சிலர். யார் எந்த இனத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று தொலைபேசியில் சண்டையிட்டவர் பலர். கோபம் வேகமாகப் பரவுகிறது. குடிநீர்ப் பிரச்சினை பரவுவதில்லை.

சட்டம் இதைத் திருத்துமா? 2019இல் அரசாங்கம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் சமூக ஊடகங்களை முடக்கியது. மெய்ச் செய்தியும் அதனோடு முடங்கியது. 2018இல் கண்டியில் நடந்த கலவரத்துக்குத் தமது தளம் பயன்பட்டமைக்காக முகநூல் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. 2024 ஜனவரியில் நாடாளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, அது கருத்துச் சுதந்திரத்துக்கு ஊறு செய்யும் என்று பலர் எதிர்த்தனர். இவை பெரிய இடத்து விவகாரங்கள். சட்டம் வருவதற்குள்ளும் மன்னிப்பு வருவதற்குள்ளும் கடை எரிந்துவிடுகிறது.

நம் கையில் இருப்பவை சிறியவை. "எனக்கு இதைச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?" என்று இரண்டு தடவை கேட்போம். விடை கிடைக்காத செய்தி நம் கையிலேயே நின்றுபோகட்டும். மற்றச் சமூகத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தால், அந்தச் சமூகத்தில் நமக்குத் தெரிந்த ஒருவரிடம் முதலிற் கேட்போம். அப்படி ஒருவரையும் தெரியாது என்றால், நாம் திருத்திக்கொள்ள வேண்டியது தொலைபேசியை அன்று, நம் வாழ்க்கையை. பிள்ளைகளுக்கு அயலவரின் மொழியைப் பேசக் கற்பிப்போம்.

என் பாடசாலையில் இப்போது சனிக்கிழமைதோறும் அடுத்த சிங்களப் பாடசாலை மாணவர் சிலர் வருகிறார்கள். எங்கள் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். பாடப் புத்தகம் இல்லை. மீன் பெயர், மர வகை, விளையாட்டு, சமையல் என்று இரண்டு மொழியிலும் பேசுகிறார்கள். பிழையாகத்தான் பேசுகிறார்கள், பேசுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது அந்தச் சீலை வியாபாரி எங்கள் வீதிக்கு மீண்டும் ஒருநாள் வருவார் என்று எண்ணத் தோன்றுகிறது. வந்தால், "இது நம்ம நானா" என்று சொல்வதற்கு ஒரு கிழவி மட்டும் அன்றி ஒரு வகுப்பே இருக்க வேண்டும்.