உப்புக் காற்றுக்கு அஞ்சாத நாட்டு மரங்கள்: விதை சேகரிப்பது எப்படி?

(மரக்காணம் வட்டார உழவர்களுக்கான உரை)



மரக்காணத்திலிருந்து புதுச்சேரி செல்லும் வழியில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டை நீங்கள் அறிவீர்கள். கோடையிலும் பசுமை மாறாத காடு அது. வீரை, காயா, நாவல் போன்ற இக்கரைக்கே பழகிய மரங்கள் இன்று பெரும்பாலும் இத்தகைய கோயில் காடுகளிலும் காப்புக் காடுகளிலுமே எஞ்சியுள்ளன. தாய் மரம் சாய்ந்துவிட்டால் விதைக்கு எங்கே போவது? 2011 டிசம்பரில் 'தானே' புயலும், 2024 நவம்பரில் 'பெஞ்சல்' புயலும் இக்கரையைத் தாக்கியதை நாம் மறக்கவில்லை. ஆகவே இப்போதே தொடங்குவது நல்லது.

முதல் ஆண்டு

முதல் ஆண்டில் விதை எடுக்க வேண்டாம்; பார்த்துக் குறித்து வாருங்கள். மரம் நிற்கும் இடம், ஊர் வழக்கிலுள்ள பெயர், பூக்கும் மாதம், காய் பழுக்கும் மாதம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாத செடியின் சிறு கிளையைப் பழைய செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்தி உலர்த்தி, திண்டிவனம் வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம்.

அனுமதி

கோயில் காட்டில் நிர்வாகத்தினரிடமும், காப்புக் காட்டில் வனத்துறையிடமும் முன் அனுமதி பெறுங்கள். கழுவெளி 2021 முதல் பறவைகள் சரணாலயம் என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

சேகரிப்பு

நன்கு பழுத்தவற்றை மட்டும் எடுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கலாகாது; மீதி பறவைக்கும் காட்டுக்கும் உரியது. ஒரே மரத்தில் எடுத்தால் கன்றுகள் யாவும் ஒரு தாய்ப் பிள்ளைகளாகிவிடும். எனவே பல மரங்களில் சிறிது சிறிதாக எடுங்கள்.

விதை நேர்த்தி

எல்லா விதையும் நெல் விதை போன்றதன்று. புங்கன், பூவரசு விதைகளை நிழலில் உலர்த்தித் துணிப்பையில் வைக்கலாம். நாவல் விதை காய்ந்தால் முளைக்காது. வேப்பம் விதையும் சில வாரங்களில் முளைப்புத் திறனை இழக்கும். இவ்விரண்டையும் சதை நீக்கிக் கழுவி, தாமதமின்றி விதையுங்கள். புன்னையின் கெட்டியான ஓட்டை, பருப்பில் அடிபடாமல் மெல்லத் தட்டி உடைத்தால் விரைந்து முளைக்கும். பறித்த ஈர விதைகளைப் பாலிதீன் பையில் கட்டி வைத்தால் பூசணம் பிடிக்கும்.

நாற்றுகளுக்கு நல்ல தண்ணீரே ஊற்றுங்கள். உப்பு நீர் இளங்கன்றை வாட்டும். ஆனி, ஆடியில் விதைத்த கன்றை அடுத்த ஆண்டு ஐப்பசி மழையில் வரப்போரமும் வேலியோரமும் நடலாம். கடலை நோக்கிய பக்கம் புன்னை, பூவரசு, தாழையும், உட்புறம் வேம்பு, நாவலும் இருக்கட்டும்.

இந்தப் பருவத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். தொடங்குங்கள்.