பேசாத பெரியவரே காரணம்!

நடுவர் அவர்களே! ‘வாரிசுச் சண்டைக்குக் காரணம் பிள்ளைகளின் பேராசை’ன்னு எதிரணி நண்பர் முழங்கிட்டுப் போனார். பெத்தவருக்குப் பங்கே இல்லீங்களா?

ஜார்ஜ் மார்ட்டினின் ‘ஃபயர் அண்ட் பிளட்’ 2018-ல் வெளியான நூல். அதில் விசெரிஸ் மன்னர், மகள் ரெய்னீராதான் வாரிசுன்னு பிரபுக்களைச் சத்தியம் பண்ண வைக்கிறார். பிறகு இரண்டாம் தாரம். மகன் ஏகான் பிறக்கிறான். மன்னரோ, விஷயம் முடிஞ்சுதுன்னு பேசாம இருந்துட்டார். அவர் கண்ணை மூடினதும் ரெண்டு பேருக்கும் முடிசூட்டு! அக்காவைத் தம்பியோட டிராகன் தின்னுச்சு. தம்பிக்குக் கூட இருந்தவங்களே விஷம் வச்சாங்க. கடைசியில் சிங்காசனம் யாருக்கு? அந்த அக்கா மகனுக்கே! இதுக்கா இத்தனை சாவு?

என் பையன் இந்தக் கதையை நண்பர்களோட பகடை உருட்டி விளையாடுவான். ஒருத்தர் கதையை நடத்த, மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். ஒருநாள் ஆள் குறையுதுன்னு என்னை விசெரிஸா உட்கார வச்சான். மகளா, மகனான்னு சபை கேட்டது. நான், “அப்புறம் பார்த்துக்கலாம்”னேன். (சிரிப்பு) பையன் சொன்னான்: “அத்தையோட நிலத்துப் பங்கைக் கேட்டாலும் இதைத்தானேப்பா சொல்றீங்க?”

சுருக்குன்னுது ஐயா! மறுநாளே தங்கச்சிக்குப் போன் போட்டேன். பேச வேண்டிய நேரத்தில் பேசாத பெரியவரே காரணம் என்று தீர்ப்பளியுங்கள்.