மயிலாடும்பாறைக்கு வரட்டும் ஒரு ஸ்டார்ட்அப் தொடர்



நான்கு நண்பர்கள் மாதச் சம்பள வேலையை உதறிவிட்டுச் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்குகிறார்கள். 2015இல் டி.வி.எஃப். நிறுவனம் இந்தியில் எடுத்த 'பிட்சர்ஸ்' நகைச்சுவைத் தொடரின் கதை இவ்வளவுதான். முதல் பருவம் ஐந்தே பாகம். நால்வரில் ஜீத்து கல்யாணமானவர். மற்றவர்கள் பணத்துக்குப் பயந்தால் போதும். இவர் வீட்டுக்குப் போய்ப் பதிலும் சொல்லியாக வேண்டும். அதனாலேயே அவர் வாயைத் திறந்தால் சிரிப்பும் வரும், கூடவே நமக்கு ஒரு கவலையும் வரும்.

ஜீத்துவாக நடித்த ஜிதேந்திர குமார், 2022இல் வந்த இரண்டாம் பருவத்தில் இல்லை. அதற்கு முன்பே, 2020இல், 'பஞ்சாயத்' தொடரில் ஒரு வட இந்தியக் கிராமத்துக்கு ஊராட்சிச் செயலராகப் போய்விட்டார். அந்தக் கதை 2024இல் 'தலைவெட்டியான் பாளையம்' என்று தமிழுக்கும் வந்தது. இயக்கியவர் நாகா, 'மர்மதேசம்' எடுத்த அதே நாகா. அபிஷேக் குமார், தேவதர்ஷினி, சேத்தன் நடித்திருந்தார்கள். பொறியியல் படிப்பிலிருந்து ஊராட்சி அலுவலகத்துக்கு இப்படி ஒரு பாதை ஏற்கெனவே போட்டாகிவிட்டது. அதைத் தேனிப் பக்கம் வருசநாட்டுச் சாலையில் மயிலாடும்பாறை வரைக்கும் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு முதலில் ஒரு கம்பெனிக் கதை வேண்டும். ஒரு தொடரில் ஐந்தாறு பேரைச் சமமாக நிறுத்துவது லேசான வேலை இல்லை. அமெரிக்காவில் எச்.பி.ஓ. 2014 முதல் 2019 வரை 53 பாகங்கள் ஒளிபரப்பிய 'சிலிக்கான் வேலி' அதைச் செய்துகாட்டியது. கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளைக் கண்டுபிடித்த ரிச்சர்டைச் சுற்றி நடக்கிற கதை. முதலீட்டுப் பணம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சர்டுக்குப் பதற்றத்தில் வாந்தி வரும். தன் வீட்டில் இடம் கொடுத்துப் பத்து சதவீதப் பங்கு வாங்கிக்கொண்ட எர்லிக், எல்லாம் தன்னால்தான் என்பார். கூட வேலை செய்கிறவர்களில் கில்ஃபாயில் ஏளனமாகப் பார்ப்பார். கில்ஃபாயிலுக்குத் தன்னைவிட அதிகம் கிடைத்துவிட்டதா என்று தினேஷ் பார்ப்பார். ஜாரெட் மட்டும் மனதாரச் சந்தோஷப்படுவார். எழுதுகிறவர் சிரிப்பைத் தனியாகத் தேடிப் போகவே வேண்டாம். ஜோக் அடிப்பதற்கென்றே ஒருவரை வைத்திருக்கும் தொடர்கள் சீக்கிரம் களைத்துப்போவதை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்!

நான்காம் பருவத்தோடு எர்லிக்காக நடித்தவர் விலகினார். தொடர் நிற்கவில்லை. அவர் வீட்டில் குடியிருந்து, ஓரத்தில் இரண்டு வரி பேசிக்கொண்டிருந்த ஜியான் யாங் முன்னே வந்தார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மென்பொருள் எவ்வளவு நன்றாகச் சுருக்குகிறது என்று அளக்கக் கதைக்கு ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் சாச்சி வைஸ்மனும் வினித் மிஸ்ராவும் அதைத் தொடருக்காகவே உருவாக்கிக் கொடுத்தார்கள். தொடரை எடுத்தவர்கள், தாங்கள் கேலி செய்கிற தொழிலை அவ்வளவு தூரம் மதித்துத் தெரிந்துகொண்டார்கள்.

இப்படிப் பலர் சமமாக நிற்கும் தொடரிலிருந்து ஒரு பாத்திரத்தைப் பிரித்தெடுத்துத் தனித்தொடராக வளர்ப்பது நமக்குப் புதிதா? பாரதத்திலிருந்து கர்ணனைத் தனியே எடுத்து ஆடுகிறார்களே, தெருக்கூத்தில் கர்ண மோட்சம் என்று! யாரைப் பிரிப்பது என்பதில்தான் தடுமாற்றம். 'ஃப்ரெண்ட்ஸ்' முடிந்ததும், நன்றாகச் சிரிக்கவைத்த ஜோயியை வைத்து 2004இல் ஒரு தொடர் எடுத்தார்கள். இரண்டு பருவத்தில் நின்றுவிட்டது. 'சியர்ஸ்' தொடரின் மதுக்கடையில் ஓரமாக உட்கார்ந்திருந்த மனநல மருத்துவர் ஃப்ரேசியரை 1993இல் வேறு ஊருக்கு அனுப்பினார்கள். கூடவே ஒரு வயதான அப்பாவையும் ஒரு தம்பியையும் கொடுத்தார்கள். அது பதினொரு பருவம் ஓடியது. டி.வி.எஃப்.பின் 'ஆஸ்பிரன்ட்ஸ்', ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படிக்கும் மூன்று நண்பர்களின் கதை. அவர்களுக்கு வழிகாட்டிய மூத்தவர் சந்தீப் பையாவுக்கு 2023இல் தனித்தொடர் வந்தது. அவர் வாழ்க்கையில் முதல் தொடர் சொல்லாமல் விட்ட வருடங்கள் இருந்தன. பிரிந்து போகிறவருக்கு ஊரும் உறவும் கடனும் இருந்தால்தான் கதை நிற்கும்.

இனி நம் தொடர். சென்னை ஓ.எம்.ஆரில் ஐந்து பேர் சேர்ந்த ஒரு புதுக் கம்பெனி. விவசாயியையும் வாங்குகிறவரையும் நேரே சேர்க்கும் செயலி. ஐவரில் ஒருத்தி மயிலாடும்பாறைப் பெண், டெஸ்டர் வேலை. அதிகம் பேசமாட்டாள். ஊரிலிருந்து போன் வந்தால் எழுந்து வெளியே போவாள். இரண்டு பருவம் இப்படியே போகட்டும். பிறகு தேனியில் அவளை பஸ் ஏற்றி, கண்டமனூர், கடமலைக்குண்டு வழியாக ஊரில் இறக்க வேண்டும். கிளைத்தொடர் அங்கே ஆரம்பம்.

தேங்காய் எண்ணும்போது வியாபாரி விலை கொடுக்காமல் கூடுதலாக எடுத்துக்கொள்கிறாரே லாபக்காய், கிளைத்தொடரின் கதைக்கு அது ஒன்று போதும். "ஏம்மா, லாபக்காய ஒன் ஆப்புல எந்தக் கட்டத்துல போட?" என்று வியாபாரி கேட்கிறார். அவள் சென்னைக்குப் போன் போடுகிறாள். 'தள்ளுபடி'யில் போடு என்கிறார் முதலாளி. முதலீடு செய்தவர் அது நஷ்டம் என்கிறார். தோப்புக்காரர், "அது களவும்மா" என்கிறார். வியாபாரியோ, "எங்க அப்பா காலத்து வழக்கம்" என்கிறார். ஒரே காயை வைத்துக்கொண்டு நான்கு பேரும் அவரவர் நியாயத்தைப் பேசுகிறார்கள்.

இலவம் இன்னும் சிக்கல். காயாகக் கொடுத்தால் ஒரு விலை, ஓடு உடைத்துக் கொட்டை எடுத்த பஞ்சுக்கு வேறு விலை. ஓடு உடைக்க உட்காரும் பெண்களைக் கும்பலாகக் காட்டாமல், ஆளுக்கொரு பேச்சும் ஆளுக்கொரு கோபமும் கொடுத்து எழுதினால் அங்கேயே அடுத்த ஐந்து பேர் கிடைத்துவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கணினியைப் பார்த்து ஊர் வாய் பிளந்து நிற்பதாக எழுத வேண்டாம். போடியில் ஏலக்காயே கணினி வழி ஏலத்தில் விற்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ மென்பொருள் கம்பெனி நடக்கிறது.

கம்பெனி ஜெயித்ததா தோற்றதா என்பதை ஓ.எம்.ஆர். தொடர் சொல்லட்டும். மயிலாடும்பாறைத் தொடர், லாபக்காய்க்குச் செயலியில் கட்டம் போடலாமா கூடாதா என்று எட்டு பாகம் சண்டை போடட்டும். வியாபாரியின் பக்கத்தையும் விட்டுவிடாமல் எழுதக்கூடியவர்கள் தேனிப் பகுதியின் கல்லூரிகளிலும் கமிஷன் கடைகளிலும் இருக்கிறார்கள். வசனத்தை அவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுத வேண்டும்.