அசோகமித்திரன் கண்ட படவுலகம்



"கதை என்பது பொய், கட்டுரை என்பது மெய்." இவ்வாசகத்தை என் ஆசிரிய வாழ்வில் எத்தனையோ விடைத்தாள்களில் கண்டிருக்கிறேன். நீங்களும் அவ்வாறே எண்ணக்கூடும். இவ்வெண்ணத்தைச் சற்றே அசைத்துப் பார்க்க அசோகமித்திரன் நமக்குத் துணைபுரிவார்.

1931-இல் செகந்திராபாத்தில் பிறந்த அவர், தந்தையார் மறைந்தபின் 1952-இல் சென்னைக்கு வந்து, எஸ். எஸ். வாசனின் ஜெமினி ஸ்டூடியோவில் பணியேற்றார். என்ன பணி தெரியுமா? செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளை வெட்டிக் கோப்புகளில் சேர்ப்பது! வேலை ஏதுமின்றி வீற்றிருப்பவர் என்றே மற்றவர்கள் அவரைக் கருதினார்களாம். எழுதப் பிறந்தவனுக்கு அதனினும் சிறந்த இருக்கை வேறு ஏது? 1966-இல் அங்கிருந்து விலகினார். 1969-இல் 'கரைந்த நிழல்கள்' என்னும் நாவல் வெளிவந்தது. ஜெமினி நாட்களைப் பற்றிய ஆங்கில நினைவுக் கட்டுரைகள் மிகப் பின்னரே வந்தன.

அக்கட்டுரைகளில் ஒன்று பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலிலும் இடம்பெற்றது. அதில் ஒப்பனை அறை ஊழியர் ஒருவர் வருகிறார். 'பையன்' என்பது அவர் பதவியின் பெயர். வயதோ நாற்பதைத் தாண்டியது. நடிகராகவோ கவிஞராகவோ உயரலாம் என்று வந்தவர், துணை நடிகர் கூட்டத்திற்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கிறார். ஸ்டீபன் ஸ்பெண்டர் என்னும் ஆங்கிலக் கவிஞர் ஸ்டூடியோவுக்கு வந்து பேச, அவர் எதற்காக வந்தார் என்று விளங்காமல் எல்லாரும் விழித்த காட்சியும் உண்டு. படிக்கும்போது வாய்விட்டுச் சிரிப்பீர்கள்.

நாவலில் அத்தகைய சிரிப்பு அரிது. அங்கே நடராஜன் என்னும் தயாரிப்பு நிர்வாகி விடியுமுன்பே எழுந்து, கார்களையும் ஆட்களையும் திரட்டிப் படப்பிடிப்பை நடத்துகிறான். அவனின்றி ஓர் அணுவும் அசையாது என்றே நமக்குத் தோன்றும். பிறகு அவன் கதையிலிருந்து நழுவிப்போகிறான். அவனது வீழ்ச்சி பிறர் வாய்ச்சொல்லாகவே நம்மை எட்டுகிறது. படவுலகம் ஒரு கணமும் நிற்கவில்லை. ஆசிரியர் ஒரு பெருமூச்சுக்கூட விடுவதில்லை. எனக்கு அந்த மௌனமே பெரிது.

கட்டுரையாளன் தான் கண்டதையும் கேட்டதையுமே சொல்லலாம். பெயருடைய ஒரு மனிதன் இரவில் தனித்திருந்து என்ன நினைத்தான் என்று எழுத அவனுக்கு உரிமையில்லை. அவ்வாறு எழுதினால் கட்டுரைதான் பொய்யாகிவிடும். ஆகவே அத்தகைய உண்மையைக் கற்பனைப் பெயர் ஒன்றின்மேல் ஏற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்றியும், வேலையை விட்ட மூன்றாண்டில் எழுதியது நாவல். சிரிக்கக் காலம் இன்னும் கனியவில்லை போலும்!

இரண்டையும் படியுங்கள். கட்டுரை முதலில், நாவல் பிறகு என்பது என் யோசனை. பிறகு 1973-இல் வந்த 'தண்ணீர்' நாவலையும் எடுத்துக்கொள்ளுங்கள். சினிமாவில் சிறு வேடங்கள் ஏற்ற ஜமுனா அங்கே குடத்தோடு தெருத்தெருவாக நீருக்கு அலைகிறாள்.