பாரம் இறக்கும் கலை



புதிதாகச் சாலை போடும் இடங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். கிராவலும் ஜல்லியும் சுமந்து டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, தொட்டியைத் தூக்கிக் கொட்டுகின்றன, திரும்பிச் செல்கின்றன. காண்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் எத்துணை அறிவும் பொறுப்பும் அடங்கியுள்ளன என்பதை இன்று உங்களோடு சிந்திக்க விழைகின்றேன். லாரியை ஓட்டுவது ஒரு திறமை. அதன் பாரத்தை இறக்குவது வேறொரு திறமை.

முதலில், அத்தொட்டி எவ்வாறு எழுகிறது? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது பாஸ்கல் விதி. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட உண்மை இது. லாரியின் எஞ்சின் ஒரு பம்பை இயக்குகிறது. பம்பு, எண்ணெயை ஓர் உருளைக்குள் தள்ளுகிறது. ஓட்டுநர்கள் 'ஜாக்கி' என்று வழங்கும் அவ்வுருளையின் தண்டு நீண்டு, தொட்டியை உயர்த்துகிறது. பல டன் மண்ணை ஒரு சிறு நெம்புகோலால் தூக்கும் விந்தை இதுதான்.

தொட்டி உயர உயர, வண்டியின் ஈர்ப்பு மையமும் உயர்கிறது என்பதை மறத்தல் ஆகாது. ஈர்ப்பு மையத்திலிருந்து இறக்கும் செங்குத்துக் கோடு, சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பினுள் விழும்வரை வண்டி நிற்கும். வெளியே விழுந்தால் சாயும். தொட்டி தாழ்ந்திருக்கையில் சிறு சரிவு ஒரு பொருட்டன்று. தொட்டி உயர்ந்தபின் அதே சரிவு உயிருக்கே உலை வைக்கும். ஒரு பக்கச் சக்கரம் புதுமண்ணில் புதைந்தாலும், ஈரமண் தொட்டியின் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டாலும், அக்கோடு விலகிவிடும். ஆகவே சமமான, இறுகிய தரையில் நிறுத்தி, பின்கதவின் கொக்கியை விடுவித்த பின்னரே தொட்டியைத் தூக்க வேண்டும். மண் இறங்க மறுத்தால் வண்டியைக் குலுக்கி உதறுதல் கூடாது. தொட்டியை மெல்ல இறக்கிவிட்டே ஆவன செய்ய வேண்டும்.

இனி, பாரத்தின் கணக்கைப் பார்ப்போம். மூன்று அச்சுகள் கொண்ட லாரி, பாரத்துடன் சேர்த்து 28.5 டன்னுக்கு மேற்படலாகாது என நம் நாட்டில் 2018ஆம் ஆண்டில் விதித்தனர். வண்டியின் சொந்த எடை 11 டன் எனக் கொண்டால், ஏற்றத்தக்கது 17.5 டன். மணல் வணிகத்தில் 100 கன அடியை ஒரு யூனிட் என்பர். உலர்ந்த மணல் யூனிட்டுக்கு ஏறக்குறைய 4.5 டன், மூன்றரை யூனிட் 16 டன்னுக்குள் அடங்கும். மழையில் நன்கு ஊறிய மணலாயின் ஒரு யூனிட்டே 5 டன்னைத் தாண்டும். அதே மூன்றரை யூனிட் வரம்பை மீறிவிடும். கண்ணளவு ஒன்றுதான்; எடையோ வேறு. வரம்பு மீறிய பாரம் இறக்கத்தில் பிரேக்கைச் சோதிக்கும். கொட்டுமிடத்தில் தரையைச் சோதிக்கும்.

பணியிடத்தில் காக்க வேண்டிய நெறிகள் சில உள. பின்னோக்கி வரும்போது ஓட்டுநரின் கண்ணுக்குப் புலப்படாத பகுதி பெரிது. சைகை காட்டுபவர் கண்ணாடியில் தெரியும்வரையே வண்டி நகர வேண்டும். அவர் மறைந்த கணமே நிறுத்த வேண்டும். பள்ளத்தின் விளிம்பில் கொட்டுவதைவிட, சற்று முன்னரே கொட்டிப் புல்டோசரால் தள்ளுவதே நன்று. கொட்டி முடித்ததும் தொட்டியை முழுதும் இறக்கிய பின்னரே புறப்பட வேண்டும். பழுதுபார்க்கத் தூக்கிய தொட்டியின் அடியில், முட்டுக் கொடுக்காமல் எவரும் தலை நீட்டலாகாது. ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால் தொட்டி இறங்கிவிடும், விலகுவதற்கு நேரமிராது.

மேலே செல்லும் மின்கம்பியோ இவை அனைத்தினும் கொடிது. தொட்டி அதில் உரசினால், ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே அமர்ந்திருந்து, எவரும் அருகே வாராதபடி எச்சரித்து, மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்ய வேண்டும். ஒரு கால் படியிலும் மறுகால் தரையிலுமாக இறங்குபவரின் உடல் வழியே மின்சாரம் பாயும். வண்டி தீப்பற்றி வெளியேறியே தீரவேண்டும் என்றால் மட்டும், வண்டியைத் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறுகச் சிறுக நகர்ந்து விலக வேண்டும்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் டிப்பர் ஓட்டுநராகப் பணிபுரிகிறார். கொட்டுமிடம் சேர்ந்ததும் இறங்கி, அண்ணாந்து ஒருமுறையும் தரையை நோக்கி ஒருமுறையும் பார்ப்பது அவர் வழக்கம். ஒருநாள் மின்கம்பியின் கீழ்க் கொட்டுமாறு மேஸ்திரி கூற, இவர் மறுத்துவிட்டார். "நேற்று வந்த வண்டிகள் எல்லாம் இங்கேதானே கொட்டின?" என்று சினந்தார் மேஸ்திரி. "நேற்று அவர்கள் பிழைத்தது அவர்கள் நற்பேறு, ஐயா, இன்று நான் வேறிடத்தில் கொட்டுகிறேன்" என்றாராம் இவர். அன்று அவருக்கு ஒரு நடைக்கூலி குறைந்தது. அக்குறையை அவர் பொருட்படுத்தவில்லை.

ஆனால், நேர்மையாக நடப்பவர் கூலியை இழக்கும் நிலை முறையாகுமா? 'நடைக்கு இவ்வளவு' என்று கூலி பேசும் இடத்தில் அவசரமே வளரும். தரையைச் சமன்செய்து இறுக்குதல், மின்கம்பியில்லாத இடத்தைத் தேர்தல், வண்டிக்கும் ஆட்களுக்கும் தனித்தனி வழி வகுத்தல் ஆகியவை ஓட்டுநர் கையில் இல்லை. திட்டமிடுவோர் கையில் உள்ளன. நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர்கள், சிலர் மேற்பார்வையாளராவீர்கள். ஓர் ஓட்டுநர் "இங்கே தூக்க மாட்டேன்" என்று சொல்லும்போது, அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். காரணம் கேளுங்கள், நீங்களே சென்று அவ்விடத்தைப் பாருங்கள், அவர் கூலியையும் குறைக்காதீர்கள். பள்ளியில் கற்ற ஈர்ப்பு மையமும் பாஸ்கல் விதியும் அன்றுதான் உங்களுக்கு உண்மையான கல்வியாக விளங்கும்.